காலி வண்டி குதிக்கும்

2024 நவம்பர் 11

கரும்பு டிரெய்லர் ஒன்று ஸ்பிரிங் பட்டை ஒடிந்து என் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் வழக்கம்போல, "இன்னும் ரெண்டு பட்டை சேத்துக் கட்டுங்க, லோடு தாங்கணும்" என்றார். லோடுக்கென்று கட்டினால் காலியாகத் திரும்பும்போது குதிக்குமே என்றேன். "அப்ப நானும் கூட சேந்து குதிச்சிக்கிட்டே வரேன், கட்டுங்க" என்றார். இவர்களிடம் யார் பேசுவது! இத்தனை வருஷமாக இங்கே இதே வழக்குதான். பாரமும் தாங்கணும், மெத்தென்றும் போகணும், வளைவில் சாயவும் கூடாது. மூன்றையும் சேர்த்துத் தருகிற மாதிரி இன்னும் எவனும் பட்டை கட்டவில்லை. ஒன்றை விட்டால்தான் ஒன்று.

சாயங்காலம் மங்கலம்பேட்டையிலிருந்து நவ்ஷாத் வந்தான். துபாயில் பாலைவனத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவன், இங்கே வந்தும் கை சும்மா இருப்பதில்லை. தை மாதம் செம்மண் ஓடையில் நடக்கும் ஜீப் போட்டிக்கு அவன் பேரோடு எங்கள் பேரையும் கொடுத்துவிட்டானாம். டிரைவர் கொளஞ்சிநாதன், ஸ்பாட்டர் சுபாஷினி.

ஸ்பாட்டர் என்றால் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்று கையால் வழி காட்டுகிற ஆள். பள்ளத்தில் மூக்கை இறக்கிய வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வானம்தான் தெரியும், சக்கரம் தெரியாது. இந்த ஜில்லாவில் பெண்டாட்டியை ஸ்பாட்டராக வைத்து ஓட்டுகிறவன் நான் ஒருத்தன்தான். கையை மூடி உயர்த்தினால் அந்த இடத்திலேயே நிறுத்தணும், ஏன் என்று கேட்கக் கூடாது. எல்லா ஊரிலும் இதுதான் சட்டம். சுபா அதோடு ஒன்று சேர்த்திருக்கிறாள்: "கேட்டீங்கன்னா, டிரைவரே, அடுத்த வாட்டி வேற ஆளப் பாத்துக்குங்க."

ஒரு மாதமாக அவளுக்கு முதுகு வலி. பின்னாடி ஷெட்டில் களிமண் பொம்மை செய்கிறாள், அந்த அச்சைத் தூக்கித் தூக்கி வந்தது என்கிறாள். மூன்று வருஷம் முன்னால் மார்பில் ஆபரேஷன் ஆனதால் டாக்டர் எதற்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். எதற்கும்தானே? ஒன்றும் இருக்காது.

நவம்பர் 14

எலும்பில் இருக்கிறது. முதுகெலும்பில்.

நவம்பர் 21

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கப் போகிறார்கள், ரேடியேஷன். பல தடவை போய்வர வேண்டும். அங்கேயே அறை எடுத்துத் தங்கலாம் என்றேன். "லாட்ஜு செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்க மாட்டேன். என் ஷெட்டு, எங்கம்மா, எல்லாம் இங்க இருக்குது" என்றாள். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளை இல்லாத வீட்டில் அவர்கள் இரண்டு பேர் சத்தம்தான் வீட்டுச் சத்தம்.

இன்று வாடகைக் காரில் போனோம். காரில் குனிந்து ஏறுவதற்குள்ளேயே அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடியிருக்கிறார்கள். ரயில்வே கேட் வருவதற்குள் இரண்டு தடவை "அம்மா" என்றாள். டிரைவர் நல்லவர்தான், மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் எனக்கு அவர் கையைப் பிடித்து முறுக்கலாம் போல இருந்தது.

திரும்பும்போது ஆம்புலன்ஸில் வந்தோம். அது இன்னும் மோசம். பாரம் தாங்கக் கட்டிய வண்டியில் ஒரே ஒரு மெலிந்த ஆளைப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? குதிக்கும். எனக்குத் தெரியாதா! பட்டறை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா!

நவம்பர் 25

நம் ஜீப்பிலேயே அழைத்துப்போவது என்று முடிவு செய்துவிட்டேன். சீட் உயரம் அவள் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது, குனிய வேண்டாம். படி மட்டும் ஒன்று வெல்டு அடித்தால் போதும்.

ஆனால் அது போட்டிக்காகக் கட்டிய வண்டி. தூக்கிக் கட்டியிருக்கிறேன், பட்டை அதிகம், ஷாக் அப்சார்பர் கல்லு மாதிரி. மேட்டிலிருந்து விழுந்தாலும் அடி தட்டாது. தார் ரோட்டில் ஒரு தீப்பெட்டி மேல் ஏறினாலும் தெரியும். சுபாவுக்கு முன்பெல்லாம் அதுதான் பிடிக்கும். "வண்டின்னா வண்டில போறது தெரியணும்" என்பாள்.

இன்று முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு பட்டை உருவிவிட்டேன். டயரில் காற்றையும் இறக்கினேன்.

நவம்பர் 28

தப்புக் கணக்கு.

பட்டையை உருவியதால் தெருவில் மிதந்துதான் போயிற்று. பரவாயில்லையே என்று அவளே சொன்னாள். ரயில்வே கேட் மேட்டில் ஏறி இறங்கும்போது பட்டை முழுசாகத் தழைந்து, அடியில் ரப்பர் கட்டையில் போய் டொம்மென்று தட்டியது. சின்ன அடிகளை எல்லாம் சேர்த்து வைத்து ஒரே அடியாகக் கொடுத்த மாதிரி. சுபா கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தவள், அதை வெளியே விடவே பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் சொன்னாள்: "டிரைவரே, எதையோ எடுக்கக் கூடாதத எடுத்துட்டீங்க."

டிசம்பர் 6

புயல் மழையில் ரோடு இன்னும் கெட்டுவிட்டது. இந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். எனக்குக் கோபம்.

டிசம்பர் 10

வழி சொன்னது அவள்தான். ஜன்னல் பக்கம் படுத்துக்கொண்டு நான் வண்டிக்கடியில் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உருவுன பட்டையத் திரும்பப் போட்டா குதிக்கும்னு சொல்றீங்க. போடலைன்னா தட்டும்னு சொல்றீங்க. காலி வண்டிதானே குதிக்குது? காலியா உடாதீங்க. ஷெட்டுல என் களிமண்ணு மூட்டை சும்மாதானே கெடக்குது, ஏத்துங்க."

எழுந்து உட்கார்ந்தபோது தலை சேஸிஸில் இடித்தது. போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் நான் பாடுகிற பாட்டு இது. எனக்கு எப்படித் தோன்றவில்லை? எடுப்பதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.

பின்னால் உருவிய இரண்டு பட்டையில் ஒன்றைத் திரும்பப் போட்டேன். நானும் அத்தையும் பொம்மைக் களி மூட்டைகளைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு மேலே அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினோம். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி வேறு வண்டி ஆகிவிட்டது. பள்ளத்தில் இறங்குவது தெரிகிறது, அடி தெரியவில்லை.

"என் எடை கொறஞ்சதுக்கு என் மண்ணு ஈடு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 12

கேட் மேட்டைத் தாண்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். "தாண்டியாச்சா?" என்று கேட்டாள். கேட் வந்ததே தெரியவில்லையாம்!

மங்கலம்பேட்டையில் நவ்ஷாத் வீட்டு வாசலில் நிறுத்தினோம். அவன் வீட்டுக்காரி ஷாஸியா இஞ்சி டீ போட்டுக் கொண்டுவந்து வண்டியிலேயே கொடுத்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாக இருந்த நாள்.

வரும்போதுதான் வினை. கரண்ட் வைத்துவிட்டு வந்தால் அவளுக்குக் குமட்டல். மெத்தென்று கட்டிய வண்டி ஹைவேயில் தொட்டில் மாதிரி ஆடுகிறது, லாரியைத் தாண்டும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறது. உளுந்தூர்பேட்டை வருவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தினேன். வாந்தி எடுக்க முதுகு வளைக்க வேண்டும். வளைத்தால் வலி.

போகும்போது வலி, வரும்போது குமட்டல். கெட்டியாகக் கட்டினால் ஒன்று, இளக்கமாகக் கட்டினால் இன்னொன்று. எதைத் தரட்டும் அவளுக்கு? இதை நான் முடிவு செய்யணுமா?

டிசம்பர் 17

அத்தை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்திருக்கிறார். கோர்ட்டில் கொடுப்பது போல எழுதி சாமியிடம் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். கேட்டது நடந்துவிட்டால் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், அதற்கு ராஜினாமா என்று பேர்.

என்ன எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எம் பொண்ணுக்கு வலி இருக்கக் கூடாது. அவ்ளோதான் தம்பி."

குணமாகணும் என்று கேட்கவில்லையா?

"பெருசா கேட்டா சாமி யோசிக்கும். சின்னதாத்தான் கேட்டேன்."

2025 ஜனவரி 3

நவ்ஷாத் பட்டறைக்கு வந்து அவன் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னான். நான்கு ஷாக்கையும் அவனே கழற்றிக் கீழே வைத்தான். அவன் துபாயிலிருந்து கொண்டுவந்தவை. அடியில் ஒரு திருகு இருக்கிறது, இந்தப் பக்கம் திருகினால் இளகும், அந்தப் பக்கம் திருகினால் இறுகும். அதைத் தொடக்கூட விட மாட்டான்.

"போறப்ப இளக்கிக்குங்க அண்ணே, வரப்ப இறுக்கிக்குங்க."

இன்னும் இரண்டு வாரத்தில் போட்டி, நீ எதை வைத்து ஓட்டுவாய் என்றேன்.

"எனக்கென்ன அண்ணே, அடுத்த வருஷம் இருக்குதே" என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். முகம் கறுத்துவிட்டது. பிறகு இரண்டு பேருமாக ஷாக்கை என் வண்டியில் மாட்டினோம்.

ஜனவரி 8

ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் வேட்டியை மடித்துக் கட்டி வண்டிக்கடியில் போய்ப் படுத்துத் திருகை இறுக்கினேன். வாட்ச்மேன் வந்து காலைத் தட்டி, "வண்டி ரிப்பேரா சார்?" என்றார். இல்லை, திரும்பிப் போகிறதற்குத் தயார் பண்ணுகிறேன் என்றேன். புரியாமல் சிரித்தார்.

வரும்போது வண்டி ஆடவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தினேன்.

ஜனவரி 19

இன்று போட்டி. நாங்கள் போகவில்லை, நவ்ஷாத்தும் போகவில்லை. யாரோ போனில் வீடியோ அனுப்பினார்கள். சுபா படுத்துக்கொண்டே பார்த்தாள். ஒருவன் ஓடையில் தப்பான கோட்டில் இறங்கினான். "லெஃப்டு, லெஃப்டு உடுடா!" என்று கையை ஆட்டினாள். அவன் கவிழ்ந்தான். "அவன் ஸ்பாட்டரு எங்கப் பாத்துக்கிட்டு நிக்கிறான் பாருங்க" என்று கரித்துக்கொட்டினாள். சாப்பாடு இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது.

ஜனவரி 27

இடுப்பு எலும்பிலும் இருக்கிறதாம். அங்கேயும் கரண்ட் வைக்கலாம், கொஞ்சம் வலி குறையலாம், கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், வீட்டிலேயே மாத்திரையில் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது என்றார் டாக்டர். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போக வேண்டியதுதான். வண்டி இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது. இடுப்புக்கு என்றால் மூட்டையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தணும். சீட்டுக்கடியில் ரப்பர் கொடுக்கலாம்.

பிப்ரவரி 3

எப்படி எழுதுவது இதை.

காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி, இளக்கி வைத்து, படியையும் போட்டுவிட்டேன். அத்தை தோளைப் பிடித்துக்கொண்டு சுபா வாசல் வரை வந்தாள். நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நான் வண்டியை இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தால் அவளுக்கு நடை மிச்சம் என்று ரிவர்ஸ் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன்.

கையை உயர்த்தினாள். மூடிய கை.

ஓடையில் நிற்கும்போது உயர்த்துவாளே, அதே உயரம். நிறுத்திவிட்டேன். கால் தானாக நிறுத்திவிட்டது. இறங்கி வந்து, ஏதாவது சக்கரத்தில் மாட்டிக்கொண்டதா என்று கீழே பார்த்தேன். முட்டாள்.

"போதுங்க" என்றாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. ஏன் போதும், எப்படிப் போதும், வண்டி இப்பதான சரியாச்சு, ரயில்வே கேட்டு கூட தெரியலன்னு நீதான சொன்ன, நான் இன்னும் நல்லா பண்றேன், ரப்பர் குடுக்கறேன், சேத்து மூட்டை ஏத்தறேன் – என்னென்னவோ.

எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வண்டி நல்லாத்தான் இருக்குது. அதுல உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா எவ்ளோ நல்லா கட்டுனாலும் அது அந்த ஊருக்குத்தானே போவுது. போயிட்டு வந்தா நாலு நாளு நான் நானா இல்ல. அப்புறம் மறுபடியும் கெளம்பணும்."

பிறகு, மெதுவாக: "ஏன்னு கேக்கக் கூடாதுல்ல, டிரைவரே?"

பிப்ரவரி 4

அவளோடு பேசவில்லை. பட்டறையில் கண்டபடி எல்லாரையும் திட்டினேன்.

சட்டம் ஓடைக்குத்தானே? வீட்டுக்கா?

பிப்ரவரி 5

நினைத்துப் பார்த்தேன். வண்டிக்குள் இருப்பவனுக்குச் சக்கரம் தெரியாது, வெளியே நிற்பவளுக்குத் தெரியும், அதனால்தான் அந்தச் சட்டம். இப்போது எனக்குத் தெரியாத எது அவளுக்குத் தெரிகிறது? எல்லாமே. வலி அவளுடையது. நான் பட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "சரி, நிறுத்திட்டேன்" என்றேன். "தெரியும்" என்று என் கையில் இருந்த கிரீஸைத் தன் முந்தானையில் துடைத்தாள். அந்தக் கறை போகாது.

பிப்ரவரி 16

மாத்திரையில் வலி அடங்கியிருக்கிறது. பாதி நேரம் தூக்கம். விழித்திருக்கும்போது அவள்தான், முழுசாக அவள். அத்தை கலர் கொடுத்த பொம்மைகளைக் காட்டச் சொல்லி, கண்ணு கோணல், புருவம் தடிமன் என்று குறை சொல்கிறாள். இன்று வண்டியில் உட்காரணும் என்றாள். எங்கே போகணும் என்றேன். "எங்கயும் வேணாம். ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க."

தூக்கி உட்கார வைத்தேன். காற்று மாதிரி இருக்கிறாள். எஞ்சினை ஓடவிட்டேன். களி மூட்டைப் பாரத்தில் வண்டி லேசாக அதிர்ந்துகொண்டு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, "ஓடையில எறங்குங்க" என்றாள். ஹேண்ட் பிரேக்கில் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். "லெஃப்டு. இன்னும் லெஃப்டு. நேரா. ஆங்." மேலே ஏறிவிட்டோமா என்று கேட்டேன். ஏறிவிட்டோமாம்.

மார்ச் 5

ஷாஸியா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். சுபா இரண்டு ஸ்பூன் குடித்தாள். இன்னும் ஒன்று கேட்டாள்.

மார்ச் 12

சுபா போயிட்டா. காலையில. என் கை அவ கையிலதான் இருந்துச்சு.

மார்ச் 30

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பட்டறையைத் திறந்தேன், மூடினேன்.

ஏப்ரல் 20

அத்தை ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி அச்சுகளை வெயிலில் வைத்திருந்தார். களி மூட்டையை இறக்கித் தரச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டுமே என்றேன்.

"அவ வாங்கிப் போட்ட மண்ணு தம்பி. வண்டில கெடந்து இன்னா பண்ணும்? பொம்மையாவட்டும்."

கயிற்றை அவிழ்க்க முடியவில்லை, இறுகிப் போயிருந்தது. அறுத்தேன். ஒவ்வொரு மூட்டையாக இறக்க இறக்க வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பிக்கொண்டே வந்தது. கடைசி மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நன்றாக நிமிர்ந்து நின்றது. கட்டிப் பிடித்து அழுதேன், வண்டியைத்தான்.

ஏப்ரல் 27

நவ்ஷாத்தின் ஷாக்கைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றான். அடுத்த வருஷம் நீ ஓட்டணும் என்றேன். வாங்கிக்கொண்டான். பழைய ஷாக்கையும் உருவிய பட்டைகளையும் மாட்டியாயிற்று. பழைய வண்டிதான் மறுபடி.

மே 4

அத்தை காலையிலேயே குளித்துவிட்டு வந்து நின்றார். மணவாளநல்லூர் போகணும், பிராதை ராஜினாமா பண்ணணும் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என்ன நடந்துவிட்டது என்று ராஜினாமா?

"வலி இருக்கக் கூடாதுன்னு கேட்டேன். இப்ப வலி இல்லையே தம்பி அவளுக்கு. சாமிகிட்ட கேஸ நிலுவைல வெக்கக் கூடாது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் குளித்திருப்பார் போல.

வண்டி தெருவிலேயே தூக்கித் தூக்கிப் போட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவளக் கூட்டிக்கிட்டுப் போனப்ப இப்படி இல்லியே" என்றார்.

"வெயிட்டு இல்ல அத்தை" என்றேன்.

கோயிலில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திருநீறு வாங்கினோம். அத்தை அதைப் பூசிக்கொள்ளவில்லை. வீட்டில் சுபா படத்துக்கு வைக்கணும் என்று கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ரயில்வே கேட் மேட்டில் வண்டி எகிறியது. திருநீறு சிந்திவிடக் கூடாதே என்று அந்தக் கையை என் முன்னால் உயரத் தூக்கினார்.

மூடிய கை. தண்டவாளத்தைத் தாண்டியதும் அப்படியே நிறுத்திவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவன் திட்டிவிட்டுப் போனான்.

"இன்னா தம்பி, ஏன் நிறுத்திட்ட?" என்று அத்தை கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன். மறுபடி கியர் போடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.